‘ரிட்டர்ன் போட்டாச்சுங்க’: அதை எங்கே பார்த்து நம்புவது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கணக்கு பார்க்கிறேன். பெரிய கம்பெனி ஒன்றுமில்லை. கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் ஒரே கட்டடத்துக்குள். போன வருடம் ஆகஸ்டில் பாலிபேக் வாங்கினோம். சரக்கு 2 லட்சம், 18 சதவீத வரி 36,000, மொத்தம் 2,36,000 ரூபாய். செப்டம்பர் 12ஆம் தேதி பாலிபேக்காரரிடமிருந்து பணம் கேட்டுப் போன் வந்தது.

"ஆர்-1 போட்டாச்சுங்களா?"

"நேத்தே போட்டாச்சுங்ணா."

வாய்ச்சொல்லோடு விடவில்லை. ஜிஎஸ்டி போர்ட்டலைத் திறந்து அவர் ஜிஎஸ்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன். ஆகஸ்ட் மாத ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்ற பில்களை ஏற்றும் ரிட்டர்ன், சொன்னபடியே 11ஆம் தேதி ஃபைல் ஆகியிருந்தது. வரியைக் கணக்குப் போட்டுக் கட்டும் ரிட்டர்னான 3பியும் முந்தைய மாதங்களுக்கெல்லாம் 20ஆம் தேதிக்குள். நல்ல பார்ட்டி என்று முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன். 14ஆம் தேதி எங்கள் 2பி, அதாவது சப்ளையர்கள் எங்கள் பெயரில் ஏற்றிய பில்களின் பட்டியல், வந்தது. அந்த பில் அதில் இல்லை.

அவர் பொய் சொல்லவில்லை. போர்ட்டலும் உள்ளதைத்தான் காட்டியது. ரிட்டர்ன் போட்டாரா என்று பார்த்தேனே தவிர, எங்கள் பில் அந்த ரிட்டர்னுக்குள் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. நாற்பது சொச்சம் பில்லில் ஒன்று அவர் கையில் விடுபட்டிருந்தது. அது எங்களுடையதாகப் போனது. வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதுதான் ‘இன்புட்’; அது கிடைக்காததால் செப்டம்பர் 20ஆம் தேதி அந்த 36,000 ரூபாயைக் கையிலிருந்து கட்டினோம்.

ரிட்டர்ன் ஸ்டேட்டஸ் பார்க்க ஒரு சிறு கம்பெனிக்கு இன்று பல வழி இருக்கிறது. லாகின் இல்லாமலே யார் நம்பரையும் தேடலாம். லாகின் செய்து நம்முடையதைப் பார்க்கலாம். சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் 2ஏ, 2பியைப் புரட்டலாம். டேலி போன்ற மென்பொருள் வழியாக இழுக்கலாம். ஆடிட்டர் ஆபீசுக்குப் போன் போடலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எதற்கு எதை எடுப்பது என்று தெரியாததால்தான் என் 36,000 ஒரு மாதம் தள்ளிப்போனது.

லாகின் இல்லாத தேடல்

முதலில் எல்லோரும் போகிற இடம் இதுதான். போர்ட்டலின் முகப்பிலேயே ‘சர்ச் டேக்ஸ்பேயர்’ இருக்கிறது. 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பரையும் கேப்ட்சாவையும் போட்டால் போதும். நம்பரில் முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34, கேரளத்துக்கு 32, கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்தும் பான் நம்பர். பில்லில் அச்சடித்த நம்பரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இங்கேயே தெரிந்துவிடும், ஏனென்றால் கடைசி எழுத்து மற்றப் பதினான்கையும் சரிபார்ப்பதற்கென்றே இருக்கிறது. ஜிஎஸ்டி நம்பர் கையில் இல்லையென்றால் பான் நம்பர் வைத்தும் தேடலாம். ஒரே பானில் எத்தனை மாநிலத்தில் பதிவு இருக்கிறது என்று வந்து நிற்கும்.

தேடியதும் வரும் பக்கத்தில் சட்டப்படியான பெயர், வியாபாரப் பெயர், பதிவான தேதி, முகவரி எல்லாம் இருக்கும். நான் முதலில் பார்ப்பது இரண்டு கட்டம்தான். ஒன்று, பதிவு ஆக்டிவா, சஸ்பெண்டா, கேன்சலா. இரண்டு, ரெகுலரா, காம்போசிஷனா (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டம்). காம்போசிஷனில் இருப்பவர் நம்மிடம் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. அவர் தர வேண்டியது ‘பில் ஆஃப் சப்ளை’. அவர் வரி போட்டு பில் தந்தால் அந்த வரி நமக்கு இன்புட்டாக வராது. ரிட்டர்ன் வரை போக வேண்டிய அவசியமே இல்லை, அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

கீழே ‘ஷோ ஃபைலிங் டேபிள்’ பட்டன். அதைத் தட்டினால் நிதியாண்டு வாரியாக 3பி ஒரு பக்கம், ஆர்-1 ஒரு பக்கம், ஆண்டு ரிட்டர்ன் தனியாக, எந்த மாதத்துக்கு எந்தத் தேதியில் போட்டார் என்று வரிசையாக வரும். இலவசம், அரசே தருவது, அவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இவ்வளவு திறந்து வைத்திருப்பது பலருக்கு இன்னும் தெரியாது. நாம் சப்ளையரைப் பார்ப்பதுபோல நம்மிடம் வாங்கும் எக்ஸ்போர்ட்டரும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு மாதம் 3பி தாமதமானால் மெர்ச்சன்டைசரிடமிருந்து கேள்வி வருவது இதனால்தான்.

இந்த அட்டவணையைப் படிப்பதில் மூன்று விஷயம் எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது.

தேதியைப் பார்க்க வேண்டும், ‘ஃபைல்டு’ என்ற சொல்லை மட்டும் பார்த்தால் போதாது. மாதாந்திர ஆர்-1க்குக் கடைசி நாள் அடுத்த மாதம் 11. சப்ளையர் 12ஆம் தேதி போட்டாலும் அட்டவணை ‘ஃபைல்டு’ என்றுதான் சொல்லும். ஆனால் 11ஆம் தேதியோடு நம் 2பிக்கான கதவு மூடிவிடும். அந்த பில் அடுத்த மாத 2பியில்தான் ஏறும். ஒரு நாள் தாமதத்துக்கு அவர் கட்டும் லேட் ஃபீ 50 ரூபாய். நமக்கு அந்த ஒரு நாளில் ஒரு மாத இன்புட் தள்ளிப்போகிறது.

அடுத்தது, காலிக் கட்டங்களைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. முந்தைய ஆண்டு டர்ன்ஓவர் 5 கோடிக்குள் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் திட்டத்தில் இருக்கலாம். 2021 ஜனவரியிலிருந்து இருக்கும் திட்டம் இது. அவர்களுக்கு 3பி ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று நான்கே வரிதான் வரும். ஏப்ரலும் மே மாதமும் காலியாக இருப்பது குற்றமில்லை. இது தெரியாமல் ஒரு கோன் வைண்டிங்காரரிடம் நான் சண்டைக்கே போயிருக்கிறேன். பாவம், அவர் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தவர். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கவே அதே பக்கத்தில் ரிட்டர்ன் எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை என்று காட்டும் இணைப்பு ஒன்றும் இருக்கிறது. முதலில் அதைத் தட்டிவிட்டு அட்டவணைக்கு வருவது உத்தமம்.

மூன்றாவதுதான் மிகப் பெரியது. போன மாத 3பி பாக்கி இருந்தால் இந்த மாத ஆர்-1ஐ போர்ட்டல் ஏற்காது. 2022 ஜனவரியிலிருந்து இப்படி. ஆகவே சரக்கு எடுக்கும் முன்பே அட்டவணையில் கடந்த மாத 3பி கட்டத்தைப் பாருங்கள். கெடு முடிந்தும் காலியாக இருந்தால், அவர் அதைப் போடாதவரை, இன்று தரும் பில் அடுத்த மாதம் நம் 2பிக்கு வரப்போவதில்லை என்று இன்றைக்கே சொல்லிவிடலாம். நடக்கப்போவதை முன்கூட்டிக் காட்டும் ஒரே கட்டம் இதுதான். மற்றதெல்லாம் நடந்து முடிந்ததைத்தான் சொல்லும்.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு கேப்ட்சா. பத்து சப்ளையர் என்றால் பரவாயில்லை, எண்பது என்றால் ஒரு பொழுது போய்விடும். இன்னொரு குறையைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்: பில் அளவில் இது எதையும் காட்டாது.

நம் ரிட்டர்ன் போனதா

சப்ளையரை விடுங்கள். நம்முடையது போய்விட்டதா என்பதே பல சிறு முதலாளிகளுக்குத் தெரியாது. ஆடிட்டர் போட்டிருப்பார் என்பார்கள். ஆடிட்டரோ ஓடிபிக்காகக் காத்திருப்பார்.

லாகின் செய்து உள்ளே போனால் ‘சர்வீசஸ்’, அதில் ‘ரிட்டர்ன்ஸ்’, அதற்குள் ‘ட்ராக் ரிட்டர்ன் ஸ்டேட்டஸ்’. ஏஆர்என் (ரிட்டர்ன் போனதற்கான ஒப்புகை) நம்பர் கொண்டோ, காலம் கொண்டோ, நிலை கொண்டோ தேடலாம். லாகின் இல்லாத முகப்பிலும் ‘ட்ராக் அப்ளிகேஷன் ஸ்டேட்டஸ்’ என்று ஒன்று இருக்கிறது. அது பதிவு, ரீஃபண்ட் விண்ணப்பங்களுக்கானது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, "போர்ட்டல்ல ஒண்ணுமே காட்டலீங்க" என்று போன் செய்பவர்கள் நிறைய.

உள்ளே வரும் நிலைகளில் மூன்று சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘டு பி ஃபைல்டு’ என்றால் கெடு வந்துவிட்டது, இன்னும் போடவில்லை. ‘சப்மிட்டட் பட் நாட் ஃபைல்டு’ என்றால் பாதிக்கிணறு. விவரம் ஏறியிருக்கிறது, ஓடிபியோ டிஜிட்டல் கையெழுத்தோ போட்டு முடிக்கவில்லை. சட்டத்தின் கண்ணில் அது போடாததுதான். ‘ஃபைல்டு வேலிட்’ வந்தால்தான் நிம்மதியாகத் தூங்கலாம். அதன் கூடவே ஏஆர்என் ஒன்று பிறக்கும். ஏஆர்என் இல்லாத ரிட்டர்ன் ரிட்டர்னே இல்லை.

பலர் சறுக்கும் இடம் ஒன்றுண்டு: சலான் கட்டியாச்சு, பேங்கில் பணம் போயாச்சு, ஆகவே 3பி முடிந்தது என்று நினைத்துக்கொள்வது. சலானில் கட்டிய பணம் நம் கேஷ் லெட்ஜரில்தான் போய் உட்காரும். 3பியில் அதைக் கழித்து ஃபைல் செய்தால்தான் வரி கட்டியதாகும். அதுவரை பணம் அரசிடம் இருந்தும் நாம் ரிட்டர்ன் போடாதவர்கள். ஒரு நாளைக்கு 50 ரூபாய், வியாபாரமே இல்லாத மாதத்தின் நில் ரிட்டர்னென்றால் 20 ரூபாய் என்று லேட் ஃபீ ஓடிக்கொண்டே இருக்கும். டர்ன்ஓவரைப் பொறுத்து அதற்கு உச்சவரம்பு உண்டு; நில் ரிட்டர்னுக்கு 500, ஒன்றரைக் கோடி வரை 2,000, ஐந்து கோடி வரை 5,000, அதற்கு மேல் 10,000. பணத்தைவிடப் பெரிய தொல்லை, இரண்டு காலத்துக்குத் தொடர்ந்து 3பி போடாமல் விட்டால் இ-வே பில் போட முடியாது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேலும், வெளிமாநிலத்துக்கு 50,000க்கு மேலும் சரக்கு அனுப்ப இ-வே பில் வேண்டும். வண்டி வாசலில் லோடோடு நிற்கும்போது ஸ்டேட்டஸ் பார்க்கப் போவது நல்ல அனுபவம் அல்ல.

மெசேஜும் மெயிலும் தானே வருமே என்பீர்கள். வரும், பதிவு செய்த நம்பருக்கு. அந்த நம்பர் யாருடையது? 2017இல் அவசர அவசரமாகப் பதிவு செய்தபோது பாதிப் பேர் ஆடிட்டர் ஆபீஸ் நம்பரையும் மெயிலையும்தான் கொடுத்தார்கள். இன்றும் அப்படியே கிடக்கிறது. நோட்டீஸும் அங்கேதான் போகும், ஓடிபியும் அங்கேதான் போகும். முதலாளி கையில் ஒன்றும் இருக்காது. இந்தக் கட்டுரையில் வேறு எதைச் செய்யாவிட்டாலும், நம்பரை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். போர்ட்டலில் சாதாரணத் திருத்தமாகவே செய்யலாம், அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை. பழைய ஆள் ஒத்துழைக்கவில்லையென்றால் நம் பகுதி ஜிஎஸ்டி அதிகாரியிடம் ஆவணத்தோடு போனால் மாற்றித் தருவார்கள்.

வியாபாரமே இல்லாத மாதத்துக்கு எஸ்எம்எஸ் வழி இருக்கிறது. 14409க்கு நில் 3பி என்று உரிய வடிவத்தில் மெசேஜ் அனுப்பினால் ஒரு குறியீடு வரும், அதைத் திருப்பி அனுப்பினால் ரிட்டர்ன் போய்விடும், ஏஆர்என்னும் மெசேஜாகவே வரும். 2020 ஜூனில் வந்த வசதி. சீசன் இல்லாத மாதங்களில் கடையைச் சாத்திவைக்கிற சிறிய ஜாப் ஒர்க்காரர்களுக்கு நல்லது. மற்றவர்களுக்கு இதில் வேலையில்லை.

பில் அளவில் பார்க்க

இன்புட்டைப் பொறுத்தவரை உண்மையான ஸ்டேட்டஸ் 2பிதான். 2022 ஜனவரியிலிருந்து சட்டமே அப்படி: சப்ளையர் தன் ஆர்-1இல் ஏற்றி, அது நமக்கு வந்து சேர்ந்தால்தான் இன்புட். பில் கையில் இருக்கிறது, பணம் கொடுத்தோம், சரக்கு வந்தது என்பதெல்லாம் வேண்டும்தான். ஆனால் அவை போதாது. ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி 2பி உருவாகும். 20ஆம் தேதி 3பி போட வேண்டும். நடுவில் ஆறு நாள். சப்ளையரோடு பேசித் தீர்க்க வேண்டியதெல்லாம் இந்த ஆறு நாளில்.

2பி இருக்க 2ஏ எதற்கு என்று என் முதலாளி ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்வி. 2பி ஒரு நாளில் எடுத்த போட்டோ மாதிரி. அதை வைத்துத்தான் இன்புட் எடுக்கிறோம். 2ஏ ஓடிக்கொண்டே இருக்கும் படம். சப்ளையர் ஏற்ற ஏற்ற மாறும். இரண்டுக்கும் இன்னொரு வேற்றுமை உண்டு, அதுதான் எனக்கு முக்கியம். 2ஏவில் அந்தச் சப்ளையர் 3பி போட்டாரா இல்லையா என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. 2பியில் ஆர்-1 போட்ட தேதி இருக்கும், 3பி பற்றிய பேச்சு இருக்காது.

அந்தக் கட்டத்தைப் பொருட்படுத்தக் காரணம் 37ஏ விதி. சப்ளையர் ஆர்-1இல் பில்லை ஏற்றினார், நாமும் இன்புட் எடுத்துவிட்டோம். ஆனால் அவர் 3பி போடவே இல்லை, அதாவது வரி கட்டவில்லை. நிதியாண்டு முடிந்து வரும் செப்டம்பர் 30 வரையிலும் அவர் போடவில்லையென்றால், நவம்பர் 30க்குள் நாம் எடுத்த இன்புட்டைத் திருப்ப வேண்டும். அந்தக் கெடுவையும் விட்டால் 18 சதவீதம் வட்டி சேரும். பிறகு அவர் போட்டால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம், அது வேறு. ஆக செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, போன நிதியாண்டு சப்ளையர்கள் எல்லோருடைய 3பி நிலையையும் பார்ப்பது கட்டாய வேலை. தீபாவளி போனஸ் கணக்கு போடுகிற நேரம் அது, யாருக்கும் நேரம் இருக்காது. அதனால்தான் பலர் விட்டுவிட்டு நோட்டீஸ் வாங்குகிறார்கள்.

மூன்று மாதச் சப்ளையர்கள் விஷயத்தில் 2பி வேறு விதமாக நடந்துகொள்ளும். அவர்கள் விரும்பினால் முதல் இரண்டு மாத பில்களை ஐஎஃப்எஃப் என்ற வசதியில் 13ஆம் தேதிக்குள் ஏற்றலாம், கட்டாயமில்லை. ஏற்றாவிட்டால் ஏப்ரல் 2ஆம் தேதி பில் ஜூலை 13இல்தான் போர்ட்டலுக்கு வரும், நமக்கு ஜூலை 14இல் தெரியும். ஏப்ரலில் கொடுத்த வரிக்கு ஜூலையில் இன்புட். அந்தச் சப்ளையரிடம் ரேட் பேசும்போதே இதையும் பேச வேண்டும். "ஐஎஃப்எஃப் போட்டுவிடுவீங்களா?" என்று ஒரு வார்த்தை. பல பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே நாம் கேட்கும்போதுதான் தெரியவருகிறது.

2024 அக்டோபரிலிருந்து ஐஎம்எஸ் என்ற பலகையும் சேர்ந்திருக்கிறது. சப்ளையர் பில்லை ஏற்றியதும் அங்கே தெரியும். ஏற்கலாம், மறுக்கலாம், நிறுத்தி வைக்கலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏற்றதாகவே எடுத்துக்கொள்ளும். மறுக்கவும் நிறுத்தவும்தான் அது கொண்டுவரப்பட்டது. நான் அதை முன்கூட்டியே எட்டிப் பார்க்கிற ஜன்னலாகப் பயன்படுத்துகிறேன்: 12ஆம் தேதி திறந்தால் 14ஆம் தேதி என்ன வரப்போகிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அன்று நான் அந்த ஜன்னலைத் திறந்திருந்தால் 2,36,000 ரூபாயை அப்படியே அனுப்பியிருக்க மாட்டேன்.

மென்பொருள் வாங்கலாமா

விற்க வருபவர்கள் "எல்லாமே ஆட்டோமேட்டிக்" என்பார்கள். பாதி உண்மை. டேலி பிரைமின் புதிய பதிப்புகள் போர்ட்டலோடு நேராகப் பேசுகின்றன. 2ஏ, 2பியை உள்ளேயே இறக்கி, நம் கொள்முதல் பதிவோடு ஒத்துப்பார்த்து, எது இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துத் தரும். அரசு அங்கீகரித்த ஜிஎஸ்டி சுவிதா நிறுவனங்கள் வழியாக வேலை செய்யும் வேறு மென்பொருள்களும் இருக்கின்றன. சப்ளையர் நம்பர்களை மொத்தமாகக் கொடுத்தால் எல்லோருடைய ஃபைலிங் நிலையையும் ஒரே எக்செல்லில் தருபவையும் உண்டு. கேப்ட்சா தொல்லை இல்லை.

இதற்கு முன் போர்ட்டலில் நம் புரொஃபைலுக்குள் போய், வெளி மென்பொருள் போர்ட்டலோடு பேசுவதற்கான ஏபிஐ அனுமதியைத் திறந்துவிட வேண்டும். அதற்குக் காலவரம்பு உண்டு. முடிந்ததும் மறுபடி ஓடிபி. அந்த ஓடிபி போகும் நம்பர் யாருடையது என்ற பழைய கதை இங்கேயும் வரும்.

என் கணக்கு இது. மாதம் முப்பது நாற்பது கொள்முதல் பில் வரை எக்செல்லில் 2பியை இறக்கிக் கையாலேயே டிக் அடித்துவிடலாம். ஒரு மணி நேர வேலை. எங்கள் நிலை அதுதான். நூறைத் தாண்டினால் மென்பொருள் வாங்கிய காசு மூன்று மாதத்தில் திரும்பும், ஏனென்றால் விடுபடும் ஒரு பில்லே அந்தச் செலவை ஈடுகட்டிவிடும். ஆனால் ஒரு நிபந்தனை: கொள்முதல் பதிவில் சப்ளையரின் பில் நம்பரை அவர் எழுதியபடியே பதிய வேண்டும். நம்மிடம் ‘127’ என்றும் அவரிடம் ஆண்டும் கோடும் சேர்த்து நீளமாகவும் இருந்தால் மென்பொருள் இரண்டையும் வேறு வேறு பில் என்று கூச்சல் போடும். அந்தக் கூச்சலை அடக்க ஒரு ஆள் உட்கார வேண்டும்.

இலவசமாக ஜிஎஸ்டி நம்பர் தேடித் தரும் தனியார் தளங்கள், செயலிகள் பற்றியும் கேட்கிறார்கள். பெயர், முகவரி பார்க்கப் பரவாயில்லை. ஃபைலிங் நிலைக்கு அவற்றை நம்பிப் பணம் அனுப்பமாட்டேன்; சேமித்துவைத்த பழைய விவரத்தைக் காட்டுகிறதா, இப்போது போர்ட்டலில் உள்ளதைக் காட்டுகிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. யூசர் நேம், பாஸ்வேர்டு கேட்டால் உடனே மூடிவிடுங்கள். ஸ்டேட்டஸ் பார்க்க அவை தேவையே இல்லை என்பதைத்தான் மேலே இவ்வளவு நீளமாகச் சொன்னேன்.

ஆடிட்டரைக் கேட்பது

கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் "போட்டாச்சுங்களா சார்?" என்று கேட்டால் "ஆச்சு" என்ற பதில்தான் வரும். அவர் ஆபீசில் இருநூறு கம்பெனி. 20ஆம் தேதி சாயங்காலம் அவருக்கே எது போனது, எது நின்றது என்று நினைவிருக்காது. "ஏஆர்என் அனுப்பிவிடுங்க சார்" என்று கேட்டுப் பழகுங்கள். மரியாதைக் குறைவே இல்லை. நல்ல ஆபீஸ்கள் கேட்காமலே அனுப்புகின்றன. ஏஆர்என்னோடு ஃபைல் செய்த 3பியின் பிடிஎஃப்பும் வாங்கி மாத வாரியாக வைத்துக்கொண்டால், பேங்கில் ஓவர்டிராஃப்ட் புதுப்பிக்கும்போது ஓட வேண்டியதில்லை.

பழைய பாக்கி இருப்பவர்கள் மட்டும் ஆடிட்டரோடு இன்னும் கறாராகப் பேச வேண்டும். 2023 நிதிச் சட்டத்தின் திருத்தப்படி, கெடு தேதியிலிருந்து மூன்று ஆண்டு தாண்டிய ரிட்டர்னைப் போடவே முடியாது. லேட் ஃபீ கட்டுகிறேன் என்றாலும் கதவு திறக்காது. கொரோனாவுக்குப் பிறகு அரைகுறையாக ஓடிய யூனிட்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மாதங்கள் விட்டுப்போயிருக்கின்றன. பொது அட்டவணையிலேயே நிதியாண்டை மாற்றி மாற்றிப் பார்த்தால் அந்த ஓட்டைகள் தெரிந்துவிடும்.

நான் இப்போது செய்வது

புதுச் சப்ளையர் என்றால் ஆர்டர் கொடுக்கும் முன் பொதுத் தேடல்: ஆக்டிவா, ரெகுலரா, மாதமா மூன்று மாதமா, போன மாத 3பி இருக்கிறதா. நான்கு கேள்வி, இரண்டு நிமிடம். பழைய சப்ளையர்களைத் தேடுவதில்லை. அவர்களுக்கு 12ஆம் தேதி ஐஎம்எஸ், 14ஆம் தேதி 2பி. நம்முடையதற்கு 21ஆம் தேதி காலை லாகின், ‘ஃபைல்டு வேலிட்’ பார்த்து ஏஆர்என்னைக் குறிப்பேட்டில் எழுதுவது. செப்டம்பர் கடைசியில் மட்டும் 2ஏ. மென்பொருள் இன்னும் வாங்கவில்லை. தம்பி ஒருவன் எக்செல்லில் நன்றாக ஃபார்முலா போடுகிறான், அவன் இருக்கும்வரை ஓடும்.

பணம் கொடுப்பதிலும் ஒரு மாற்றம் செய்தோம். சரக்கு மதிப்பை வழக்கமான நாளில் கொடுத்துவிடுகிறோம், வரியை மட்டும் 2பியில் பார்த்த பிறகு. ஊரில் பல கம்பெனிகள் இப்படித்தான் செய்கின்றன. இதில் எனக்குக் கொஞ்சம் உறுத்தல் உண்டு. சின்னச் சப்ளையர் நம்மிடம் வாங்காத வரியையும் சேர்த்துத்தான் 20ஆம் தேதி கட்டியாக வேண்டும். அதனால் 2பியில் வந்த அன்றே அனுப்பிவிடுவது என்று வைத்திருக்கிறோம். சட்டமும் ரொம்ப நாள் பிடித்துவைக்க விடாது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் வரியோடு சேர்த்து முழுப் பணமும் கொடுக்காவிட்டால் எடுத்த இன்புட்டைத் திருப்ப வேண்டும். உத்யம் (அரசின் சிறு தொழில்) பதிவுள்ள சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளைத் தாண்டினால் வருமான வரியில் அந்தச் செலவைக் கழிப்பதும் தள்ளிப்போகும்.

பாலிபேக்காரரிடம் 14ஆம் தேதி மத்தியானமே போன் செய்தேன். "ஐயோ, விட்டுப்போச்சுங்ளா? பாக்கறனுங்ணா" என்றார். அவர் 3பி போட இன்னும் நாள் இருந்ததால் ஜிஎஸ்டிஆர்-1ஏ என்ற திருத்தப் படிவத்தில் 16ஆம் தேதி அந்த பில்லை ஏற்றினார். அதில் ஏற்றியது அடுத்த 2பியில்தான் வரும். அக்டோபர் 14இல் 36,000 வந்து நின்றது. இப்போதெல்லாம் அவர் ஆர்-1 ஃபைல் செய்யும் முன்பே எங்கள் பெயர் வரும் வரிகளை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரியாங்ணா?" என்று கேட்கிறார். போன மாதம் 9ஆம் தேதியே அனுப்பியிருந்தார். ஒரு பில்லில் நம்பர் மாறியிருந்தது. சொன்னேன், திருத்திவிட்டுத்தான் போட்டார்.